புனேயின் இரவுப் பள்ளிகள்

ஏழைக் குழந்தைகளின் கல்வி பற்றிய அரசுக் கோப்புகளில் 'படிப்பை இடையில் நிறுத்தியவர்கள்' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. நிறுத்தியது குழந்தையின் குற்றம் என்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. புனே நகரின் கல்வி வரலாற்றை அறிந்தவர்கள் இத்தொனியை ஏற்கமாட்டார்கள்.

1848-இல் அந்நகரின் பிடே வாடாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதைப் பலரும் அறிவர். 1855-இல் தொழிலாளருக்கும் உழவருக்கும் அவர்கள் நடத்திய இரவுப் பள்ளியோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பகலெல்லாம் உழைப்பவனுக்குப் பகற்பள்ளி எட்டாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

1882 அக்டோபரில் ஹண்டர் கல்விக் குழுவுக்குப் புலே அளித்த அறிக்கை, நிர்வாகப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. அரசின் வருவாயில் பெரும்பங்கு உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. செலவோ மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குப் போகிறது என்று அவர் கணக்குக் கேட்டார். பன்னிரண்டு வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். அத்துடன் நிற்கவில்லை. ஆசிரியர்கள் இயன்றவரை உழவர் குடிகளிலிருந்து வரவேண்டும். மக்களோடு கலந்து பழகி அவர்கள் தேவையை அறியக்கூடியவர்கள் அவர்களே. மாதச் சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையலாகாது. பாடத்தில் மோடி எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு வேளாண்மையும் சுகாதாரமும் இடம்பெற வேண்டும். கோரிக்கை மனுவைக் காட்டிலும் ஒரு திட்ட அறிக்கைக்கே இது நெருக்கமானது எனலாம்.

அதே புனேயைச் சேர்ந்த கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் கட்டாயக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். மறு ஆண்டு அது 13-க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்றது.

கோத்தாரி கல்விக் குழுவின் உறுப்பினர்-செயலராக விளங்கிய ஜே. பி. நாயக், 1948-இல் பம்பாயில் நிறுவிய இந்தியக் கல்விக் கழகம் 1976-இல் புனேக்கு வந்தது. 1979-இல் சித்ரா நாயக்கின் வழிகாட்டுதலில் புனே மாவட்டக் கிராமங்களில் முறைசாராக் கல்வி வகுப்புகள் தொடங்கின. ஆடு மாடு மேய்த்தும், தண்ணீர் சுமந்தும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டும் பகலைக் கழித்த குழந்தைகள் இரவில் இரண்டு மணி நேரம் கூடினர். அவர்களில் பெரும்பாலோர் சிறுமியர். கற்பித்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அச்சமூட்டும் தேர்வுக்குப் பதிலாகக் குழந்தைகள் திருவிழா நடந்தது. அங்கே கற்றதைக் காட்டினார்கள். புலேயின் இரவுப் பள்ளிக்கு 124 ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மாவட்டத்தில் இரவு வகுப்பு தேவைப்பட்டது!

வசதியுள்ள பிள்ளைக்குப் பகற்பள்ளி, ஏழைக்கு இரவு வகுப்பா? குழந்தை உழைப்பை இது ஏற்றுக்கொள்வதாகாதா? இக்கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது. அருகிலுள்ள குழந்தைகள் அனைவரும் ஒரே பள்ளியில் பயிலவேண்டும் என்று கோத்தாரிக் குழுவே பரிந்துரைத்திருந்தது. இரவு வகுப்பை உடனடி நிவாரணமாகக் கொள்வதில் நியாயம் உண்டு. நிலையான ஏற்பாடாகக் கொள்வதில் இல்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள அனைவருக்கும் முழுநேரப் பள்ளியை உரிமையாக்கியது. ஆயினும் 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. வீட்டில் கைக்குழந்தையைக் காக்கும் சிறுமியின் உழைப்போ எந்தச் சட்டத்தின் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. அங்கன்வாடி பள்ளிக்கு முன்பே மூடப்படும் ஊரில், தம்பியை அழைத்துவர மதியமே எழுந்து போவது அவள்தான்.