நீளமுடிக்காரர் வரிசையில் கடைசி

1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி இருந்தது. நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எது நீளமுடி? நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மறைத்தால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால்! படம் போட்டே விளக்கியிருந்தார்கள். 1972இல் லெட் செப்பலின் என்ற புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழுவின் கச்சேரியே அங்கே நின்றுபோனது, காரணம் தலைமுடிதான்.

முடி வளர்ப்பதால் யாருக்கு என்ன கெடுதல்? நம் முன்னோர்களில் எத்தனையோ ஆண்கள் குடுமி வைத்திருந்தவர்கள். சீக்கியர்களுக்கு வெட்டாத முடி சமய நெறி. புற்றுநோயாளிகளின் விக்குக்குக் கொடுக்கவென்றே வளர்க்கும் இளைஞர்களும் உண்டு.

இன்று அந்தச் சுவரொட்டி இல்லை, ஆனால் கையில் செல்போன் இருக்கிறது. பேருந்தில் நீளமுடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் கேட்காமலே படமெடுத்து, சிரிப்பதற்காக அனுப்பிவிடுகிறார்கள். அந்த முகத்துக்கு உரியவர் அவர். தெரியாமல் எடுப்பது பெரிய அநியாயம். படம் வேண்டுமா? பக்கத்தில் போய், "எடுத்துக்கலாமா தம்பி?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.