கண்மடலிற் செதில்



பயிர் நோயைப்பற்றிப் பேசவேண்டியவன் கண்மடலைப்பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கண்மடல் வரண்டு சிவந்து, தவிடுபோலச் செதில் உதிரும் இந்நோய் பல வேளைகளில் தோட்டத்திலிருந்தே வருகின்றது.

உடலின் தோலில் மிக மெல்லியது கண்மடலின் தோலாகும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கையிற் பூச்சிநாசினி பட்டால் யாதும் தோன்றாதிருக்கலாம். அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்தீர்களாயின், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கண்மடலில் எரிவும் செதிலும் உண்டாகலாம். கை நன்றாயிருக்கின்றதே என்று மருந்தைக் குற்றமற்றதெனத் துணியாதீர்கள். மிளகாய் ஆய்ந்த கையும் இத்தகையதே.

கையாலன்றிக் காற்றாலும் இந்நோய் வரும். 1980களின் பிற்பகுதியிலிருந்து வட பகுதியிற் பரவிய பார்த்தீனியத்தை நீங்கள் அறிவீர்கள். கரட் இலை போன்ற இலையும் வெண்ணிறச் சிறு பூவும் உடையது. உலர்ந்த செடியின் நுண்டுகள்கள் காற்றில் மிதந்து கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றிற் படிகின்றன. இதில் ஏமாற்றம் ஒன்றுண்டு: பல காலம் வெறுங்கையாற் பிடுங்கியவருக்கும் தீங்கில்லாதிருந்து, பின்னர் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். தொடங்கியபின் சிறிதளவு பட்டாலும் போதும். ஆதலால் பூக்குமுன்னரே, கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குங்கள். வேலை முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். வியர்வை துடைக்கத் தூய துணியொன்றை வேறாக வைத்திருங்கள். தோளிற் கிடக்கும் சால்வை அதற்கு உதவாது.

எல்லாப் பழியையும் தோட்டத்தின்மேற் சுமத்தவும் இயலாது. தலைப்பொடுகு இமைமயிரின் அடியிலும் செதிலை உண்டாக்கும். தலைச்சாயம், கண்மை, வாசனைச் சவர்க்காரம் ஆகியனவும் காரணமாகலாம்.

நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விடுவோர் இன்றும் உளர். அதனை விட்டுவிடுங்கள்; தைலமும் பூசாதீர்கள். ஸ்டீரொயிட் களிம்பை வைத்தியர் சொல்லாது தாமே வாங்கிப் பூசுதல் இவற்றினும் கேடு. அது தோலை மெலிவித்து, நாட்படின் கண்ணின் உள்ளமுக்கத்தையும் உயர்த்தக்கூடும்.

மருந்து கண்ணுள்ளே தெறித்தால் பதினைந்து நிமிடமாவது தூய நீரை ஓடவிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.