பகிர்வுச் சேவை நிலையங்களும் உற்பத்தித் திறனும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, அலுவலகத் தொழிலைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். அதற்குக் காரணமும் உண்டு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் இரயிலேறிய முன்னைத் தலைமுறைத் தமிழர் பலர் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளில் அமர்ந்தனர். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் பலர் இன்று அமர்ந்திருப்பது பகிர்வுச் சேவை நிலையங்களில். இவ்வவையில் கையுயர்த்துமாறு கேட்டால் வரிசைக்கு இருவரேனும் உயர்த்துவர் என்பது எம் துணிபு.

இந்நிலையம் யாது என வினவும் பெரியோர்க்காகச் சில சொற்கள். ஒரு நிறுவனத்திற்கு இருபது கிளைகள் இருப்பின், முன்னாளில் இருபது இடத்தும் பில் சரிபார்க்க ஒருவர், சம்பளக் கணக்கிற்கு ஒருவர், பேரேட்டிற்கு ஒருவர் எனத் தனித்தனியே இருந்தனர். அவ்வேலைகளை எல்லாம் திரட்டி ஒரே இடத்தில் அமைத்து, எல்லாக் கிளைகளுக்கும் அங்கிருந்தே செய்து தருவதுதான் பகிர்வுச் சேவை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் நிதிப் பிரிவு 1997-ல் தில்லியை அடுத்த குருகிராமத்தில் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர்ப் பிற நிறுவனங்களுக்கும் பணி செய்யும் தனி நிறுவனமாகி, 2005-ல் ஜென்பாக்ட் எனப் பெயர் பெற்றது. உலக வங்கியும் தன் கணக்கு வேலைகளில் ஒரு பகுதியை 2001-ல் சென்னைக்குக் கொணர்ந்தது.

திரட்டியவுடன் செலவு குறைகின்றது. ஆட்கள் குறைவு, வாடகை குறைவு. அயல்நாட்டு நிறுவனமாயின் ஊதியமும் குறைவு. ஆயின் அந்த ஆதாயம் ஒருமுறைதான் கிட்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் மேலிடம், "அடுத்து என்ன?" என்று கேட்கின்றது. அப்போதுதான் உற்பத்தித் திறன் என்னும் சொல் அலுவலகத்துள் நுழைகின்றது. அது நுழையும் வழி பெரும்பாலும் தவறான வழியாக இருப்பதே எம் கவலை.

தவறான வழி இது: ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை பில் முடித்தார் என எண்ணுவது. எண்ணுவதற்கு எளிது, சுவரில் பலகை தொங்கவிட்டு எழுதவும் எளிது. விளைவைப் பாருங்கள். ஊழியர் எளிய பில்களை முதலில் எடுத்துக்கொள்வார். சிக்கலானவை அடியிலே தங்கும். ஐயமுள்ள பில்லை ஒரு வினாக் குறித்துக் கிளைக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் அதுவும் முடித்த கணக்கில் சேரும். அது திரும்பி வந்தபின் மறுபடியும் ஒன்று எனச் சேரும். இவ்வாறு ஒரே பில்லை மும்முறை எண்ணி மகிழ்ந்த நிலையங்களையும் யாம் கண்டதுண்டு. அங்கெல்லாம் பலகையில் எண் ஏறியது. பணம் பெற வேண்டியவரோ காத்துக்கொண்டே இருந்தார்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறையற்ற பில் ஒன்றை முடிக்க 8 நிமிடம் ஆகின்றது என்று கொள்வோம். 100 பில்களுக்கு 800 நிமிடம். அவற்றுள் 30 ஏதோ ஒரு குறையால் தடைப்படுகின்றன. தடைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் எழுதி, தொலைபேசியில் கேட்டு, நினைவூட்டி, மறுபடி பதிவு செய்ய மேற்கொண்டு 24 நிமிடம் ஆகின்றது. அது 720 நிமிடம். ஆக மொத்தம் 1520. இப்போது மேலாளர் ஊழியரை விரட்டி, 8 நிமிட வேலையை 7 நிமிடமாக்குகின்றார். மிச்சம் 100 நிமிடம். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. மாறாக, யாரையும் விரட்டாமல், குறையுள்ள பில்களை 30-லிருந்து 10 ஆக்கினால் மிச்சம் 480 நிமிடம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞர் ஜான் செட்டன், முன்பே சரியாகச் செய்யாததனால் வந்து சேரும் வேலையைத் தனியே பிரித்து எண்ண வேண்டும் என்று பலகாலம் வற்புறுத்தி வந்தது இதனால்தான். "என் பணம் என்னாயிற்று?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளும் இவ்வகையினவே. அவற்றை விரைந்து எடுத்துப் பேசியதற்காகப் பரிசு வழங்குவது விந்தையிலும் விந்தை.

அக்குறைகள் எங்கே பிறக்கின்றன? நிலையத்துள் பிறப்பவை சில. கிளைகளில் பிறப்பவையே பல. கொள்முதல் ஆணை, சரக்கு வரவுப் பதிவு, பில் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் பணம் வழங்கலாம் என்பது விதி. ஆணையில் கிலோ என்றிருக்கும். பில்லில் பெட்டி என்றிருக்கும். சரக்கு வந்து பத்து நாள் ஆகியிருக்கும். கிடங்கில் வரவு பதிந்திரார். பில் வந்தபின் அவசரமாக ஆணை எழுதுவாரும் உளர். வணிகர் ஒருவரே இரண்டு பெயரில் பதிவாகி, ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவதும் உண்டு. இவற்றையெல்லாம் கணக்கு மேசையில் அமர்ந்து எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் தீர்க்க இயலாது. ஒவ்வொரு தடைக்கும் காரணம் எழுதி, கிளைவாரியாகக் கூட்டி, மாதந்தோறும் அக்கிளையின் தலைவர் முன் வைக்க வேண்டும். அவருக்கு அது கசக்கும். ஆயினும் வைக்க வேண்டும்.

நாடு முழுதும் அறிந்த சான்று ஒன்று கூறுவோம். வருமான வரிக் கணக்குகளை ஊர்தோறும் உள்ள அலுவலகங்களில் பார்த்துவந்ததை மாற்றி, பெங்களூரில் மத்தியச் செயலாக்க மையம் அமைத்தனர். அரசாங்கத்தின் பகிர்வுச் சேவை என்றே அதனைச் சொல்லலாம். தொடக்க ஆண்டுகளில் இணையத்தில் கணக்கைச் சமர்ப்பித்தபின், கையொப்பமிட்ட ஒரு தாளை அஞ்சலில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். அத்தாள் போய்ச் சேரும்வரை கணக்கு அசையாது. 2015-ல் ஆதார் வழியே இணையத்திலேயே உறுதி செய்யும் முறை வந்தது. அஞ்சல் தேவை அற்றது. நிறுவனங்களும் வங்கிகளும் பிடித்தம் செய்த வரி முன்னரே படிவத்தில் நிரம்பி வரலாயிற்று. பொருந்தாமைக்கு இடம் குறைந்தது. 2013-14-ல் சராசரி 93 நாள் ஆன வேலை 10 நாளில் முடிகின்றது என்று 2024 பிப்ரவரி நிதிநிலை உரையில் அறிவித்தனர். கணினியின் ஆற்றலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு, ஐயமில்லை. ஆயினும் உள்ளே வருவது பிழையின்றி வந்தமையே முதற்காரணம் என்பது எம் கருத்து.

இனிக் காத்திருத்தல். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிறுவிய விதி மிக எளியது: நாளொன்றுக்கு 600 பில் முடிகின்ற நிலையத்தில் 6000 தேங்கிக் கிடந்தால், இன்று வருவது முடியப் பத்து நாள் ஆகும். முறைவைத்துப் பார்க்கும் இடத்தில் ஒன்றை அவசரம் என்று முன்னே இழுத்தால் இன்னொன்று பின்னே தள்ளப்படும், அவ்வளவே. இன்னொரு கணக்கு மேலாளர்கள் நம்ப மறுப்பது. ஊழியரின் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு நிரம்பியிருக்கும்போது உள்ள காத்திருப்பு, 95 பங்கு நிரப்பினால், எளிய வரிசைக் கணிதத்தின்படி, ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது. சற்றே ஓய்ந்திருக்கும் ஊழியரைக் கண்டு பொறுக்காத மேலாளர், மாதக் கடைசியில் தாமே நெரிசலை வரவழைத்துக் கொள்கின்றார்.

இந்தத் தாமதம் யாரைச் சுடுகின்றது? பெரிய வணிகர் தாங்குவார். அம்பத்தூரிலோ இராஜ்கோட்டிலோ பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் அப்பணத்தை நம்பித்தான் சம்பளம் போட வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் பற்றிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு தொழிலாளர் தந்த சரக்கிற்கு, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்றும் விதித்தது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒருபடி மேலே சென்று, காலம் தாழ்த்திய தொகையை உண்மையில் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாதபடி செய்தது. ஆகவே கிடங்கில் பதியாத ஒரு சீட்டு இப்போது நிறுவனத்தின் வரியையும் தொடுகின்றது.

இயந்திரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பாரும் உளர். ஒரு பகுதி தீர்த்திருக்கின்றது. சரக்கு சேவை வரியின் கீழ் மின் இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட விற்றுமுதல் உடையோர்க்குக் கட்டாயமாகி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டோர்வரை இறங்கி வந்தது. பில்லைப் பார்த்துத் தட்டும் வேலை இதனால் அருகி வருகின்றது. ஆயின் ஆணையில் கிலோவும் பில்லில் பெட்டியும் இருக்கும்வரை, மென்பொருள் செய்வது அத்தடையை விரைவாகக் கண்டு மனிதரிடம் தள்ளுவதுதான்.

ஊழியரைப் பற்றிக் கூறாமல் அமர்தல் முறையன்று. மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமாகும் என்றோம். அப்படியாயின் மூன்றில் ஒருவர் வீட்டிற்குப் போக வேண்டுமா என்னும் அச்சம் இவ்வவையில் உள்ள இளைஞர் பலர்க்கு எழுந்திருக்கும். அச்சம் நியாயமானதே. முதல் ஆண்டு மிச்சப்பட்ட நேரத்திற்கு ஈடாக ஆட்களை நீக்கிய நிலையத்தில், இரண்டாம் ஆண்டு எந்த ஊழியரும் எந்தக் குறையையும் எடுத்துக் காட்ட மாட்டார். தாமாக விலகிச் செல்வோர் இத்தொழிலில் ஆண்டுதோறும் உளர். அவ்விடங்களை நிரப்பாது விடுதலே போதும் என்பது எம் எண்ணம். எஞ்சிய நேரத்தைக் கிளைகளுக்கு அனுப்புங்கள் என்போம். பில் பார்ப்பவர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் கிடங்கு வாயிலில் ஒரு வாரம் நிற்கட்டும். அங்கே, மாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும், ஒரே கணினி தொலைவில் ஓர் அறையில் பூட்டிக் கிடப்பதும், கிடங்குக் காப்பாளர் வரவையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துச் சனிக்கிழமை உட்கார்ந்து பதிவதும் அவர் கண்ணில் படும். தாம் பதியாத வரிக்காக வேறோர் ஊரில் பணம் நின்று கிடக்கின்றது என்பதை அக்காப்பாளருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லி, வாயிலருகே ஒரு கணினியும் வைத்துத் தந்தால், லாரி திரும்புமுன் வரவு ஏறிவிடும்.