நாற்காலி வேறு, ஆட்சியுரிமை வேறு

(கோவையில் தமிழ் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



கொங்கு மண்ணில் பெண்ணும் அரசியலும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பெருமை பாடிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒருவருடைய பொதுவாழ்வை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றை உங்கள்முன் வைக்க விழைகின்றேன். அவர், மொடக்குறிச்சி தந்த சுப்புலட்சுமி செகதீசன் அம்மையார்.

அவர்க்கு முன்னரே இம்மண்ணில் வழிகாட்டிகள் இருந்தனர். 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். 1938-இல் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடே ஈரோட்டு இராமசாமியார்க்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தைச் சூட்டியது. அதே ஆண்டில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கைம்மழலைகளோடு சிறைபுகுந்தனர் தமிழ்ப்பெண்டிர். நாற்காலி ஏதுமின்றி நாட்டை அசைத்தவர்கள் அவர்கள்.

1977-ஆம் ஆண்டு வந்தது. கோவை மக்கள் பார்வதி கிருட்டிணன் அம்மையாரை மக்களவைக்கு அனுப்பினர். சில திங்களில் மொடக்குறிச்சி மக்கள் சுப்புலட்சுமி அம்மையாரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். மொடக்குறிச்சி அன்று கோவை மாவட்டத்து ஊர். பெரியார் மாவட்டம் பிரிந்தது 1979-இல்தான். மஞ்சள் காட்டில் களையெடுக்கும் பெண்களின் ஊரிலிருந்து சென்ற இளம்பெண் ஒருவர், ம.கோ. இராமச்சந்திரனார் அமைச்சரவையில் இடம்பெற்றார். ஆனால் அவ்வமைச்சரவையை என்ன செய்தார்கள்? 1980 பிப்பிரவரியில் தில்லி கலைத்தது.

பின்னர் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். 1989-இல் ஈரோட்டில் வென்று, கலைஞர் அமைச்சரவையில் குமுகாய நலத்துறையை ஏற்றார். அவ்வாட்சி பெண்டிர்க்குச் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். அரசுப்பணியில் 30 விழுக்காடு ஒதுக்கீடு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி. எல்லாவற்றிற்கும் மேலாக, குடும்ப உடைமையில் மகனுக்கு நிகராக மகளுக்கும் பங்கு என்னும் சட்டம். ஆந்திரம் 1986-இல் செய்ததைத் தமிழகம் 1989-இல் செய்தது. நாடு முழுமைக்கும் தில்லி அதைச் செய்தது எப்போது தெரியுமா? 2005-இல்! பதினாறு ஆண்டு கழித்து! மாநிலத்தின் கையில் உரிமை இருந்த இடத்தில், மாநிலம் முன்னே நடந்தது. தில்லி பின்னே வந்தது. இதை மறவாதீர்கள்.

அந்த ஆட்சியாவது நிலைத்ததா? இல்லை. 1991 சனவரி 30-இல், ஆளுநரின் அறிக்கைகூட இல்லாமல், அதையும் தில்லி கலைத்தது. அம்மையார் இடம்பெற்ற மாநில அமைச்சரவைகள் இரண்டு. இரண்டுமே மக்கள் வாக்கால் வீழ்ந்தவையல்ல. தில்லியின் கையெழுத்தால் வீழ்ந்தவை.

அதன்பின் நடந்தது இன்னும் கொடிது. ஈழப்போராளிகளுக்கு உதவினார்கள் என்று குற்றஞ்சாட்டி, தடாச் சட்டத்தின்கீழ் அவரையும் அவர்தம் கணவரையும் சிறையிலடைத்தனர். பின்னாளில் வழக்குமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் சிறையில் கழிந்த நாள்களைத் திருப்பித் தருவார் யார்?

1996-இல் மொடக்குறிச்சி உலகமே வியக்கும் ஊராயிற்று. ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! தங்கள் குறையைக் கேட்பார் இல்லை என்று காட்டுவதற்காக உழவர்கள் கூட்டங்கூட்டமாய் வேட்புமனு அளித்தனர். வாக்குச்சீட்டு நூல்போல் ஆயிற்று, வாக்குப்பதிவே தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்திலும் அம்மையாரே வென்றார். ஆனால் உழவர்க்குத் தில்லி தந்த விடை யாது? அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகையை 250 உரூபாவிலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. குறையைத் தீர்க்கவில்லை, குறை சொல்லும் வாயிலை அடைத்தது!

2004-இல் திருச்செங்கோட்டில் எடப்பாடி பழனிச்சாமியை வென்று அம்மையார் மக்களவை புகுந்தார்; குமுகாய நயன்மைத் துறையின் நடுவண் இணையமைச்சரும் ஆனார். ஈழத்தமிழரின் பெயரால் சிறைசென்ற கொங்குப்பெண் தில்லி அமைச்சரவையில் அமர்ந்தார் என்று நாம் மகிழ்ந்தோம். ஐந்தாண்டு நிறைவில் முள்ளிவாய்க்கால் வந்தது. 2008 அக்தோபரில் தி.மு.க. நாடாளுமன்ற உறுப்பினர்கள் விலகல் மடல்களைத் தம் தலைவரிடம் அளித்தனர்; மடல்கள் அங்கேயே நின்றன. 2009 மே 18-இல் எல்லாம் முடிந்தது. தில்லியில் அத்தனை தமிழ் அமைச்சர்கள் இருந்தும் நம் உறவுகளைக் காக்க முடியவில்லை.

இதை ஒரு பெண்மீது பழியாகச் சுமத்த நான் சொல்லவில்லை. விலகியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அது அவர் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று, அன்று அங்கிருந்த தமிழ் அமைச்சர் அனைவர்க்கும் உரியது. நான் சொல்வது இதுதான்: நாற்காலி வேறு, ஆட்சியுரிமை வேறு. 1989-இல் மாநில அமைச்சரவையால் மகளுக்குப் பங்கு தர முடிந்தது. 2009-இல் நடுவண் நாற்காலிகளால் ஓர் உயிரைக்கூட மீட்க முடியவில்லை.

2021-இல் அதே மொடக்குறிச்சியில் 281 வாக்கில் அவர் தோற்றார். 2022-இல் கட்சியிலிருந்து விலகினார். அவர் கதை அவ்வளவில் நிற்கலாம். நம் கடமை நிற்கலாமா?

தாய்மார்களே! 2023-இல் மகளிர்க்கு மூன்றிலொரு பங்கு இடம் என்று தில்லி சட்டம் இயற்றியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரைவுக்கும் பின்னரே அது நடப்புக்கு வரும் என்றும் எழுதிவைத்தது. அதற்காகக் காத்திராதீர்கள். ஊராட்சியிலும் மன்றத்திலும் இன்றே இடம் கேளுங்கள். இன்னொன்று: பங்குரிமைச் சட்டம் வந்தும், பட்டுச்சேலை ஒன்றைக் கொடுத்துத் தங்கையிடம் விடுதலை ஆவணத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தில்லியிடம் உரிமை கேட்கும் நாம், தங்கையின் உரிமையைப் பதிவகத்தில் பறிக்கலாமா? அடுத்தமுறை அந்தத் தாளை நீட்டும்போது, எழுதுகோலைக் கீழே வையுங்கள்.

பெண்ணுக்கு வீட்டில் பங்கு. தமிழர்க்கு நாட்டில் ஆட்சியுரிமை. இரண்டும் ஒரே அறம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் தன்னுரிமை!