கவனம் தவறும் கணம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வாகனம் செலுத்துங்கால் கவனம் சிதறுதலும், அதனால் விளையும் விபத்துக்களும், அவற்றின் பின்னர்க் குடும்பங்கள் நஷ்டஈடு கோரி அலைய நேரிடுவதுமாகும். கல்வியையும் தொழிலையும் பற்றிப் பேசவேண்டிய இம்மேடையில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பொருள் ஈட்டும் குடும்பத் தலைவன் சாலையில் மாண்டால், மக்களின் கல்வியும் தொழிலும் அன்றே தடைப்படுகின்றன. ஆதலின் இதுவும் இம்மேடைக்குரிய விஷயமே.

2022ஆம் வருஷத்தில் இந்திய தேசத்தில் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன என்றும், 1,68,491 பேர் மாண்டனர் என்றும் மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகின்றது. விபத்துக்களின் தொகையில் அவ்வருஷம் முதலிடம் பெற்றது நமது தமிழ்நாடு. இங்கு நேர்ந்தவை 64,105. இம்முதன்மைக்கு நாம் வெட்கமடைதல் வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை அதிவேகத்தால் நேர்ந்தனவாகப் பதிவாகின்றன. கைபேசியைப் பார்த்துக்கொண்டே மோதினேன் என்று தாமாக ஒப்புக்கொள்வோர் அரியர். ஆகையால் கவனச் சிதறல் கணக்கில் குறைவாகவே ஏறும்.

கவனம் மூவகையாற் சிதறுகின்றது. கண் சாலையை விட்டு நீங்குதல் ஒன்று. கை சக்கரப்பிடியை விட்டு நீங்குதல் மற்றொன்று. மனம் வேறிடத்தே செல்லுதல் மூன்றாவது. கைபேசியில் செய்தி எழுதுவோனிடத்து இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடும். மூன்று விநாடி கைபேசியை நோக்கினவன் அவ்வைம்பது மீட்டரையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினவனே ஆவான். பள்ளி விட்டு வரும் குழந்தை குறுக்கே ஓடுவதற்கு அத்துணைத் தூரமும் வேண்டுவதில்லை.

கையிற் பிடியாமல் காதில் கருவி மாட்டிப் பேசினால் குற்றமில்லை என்பாரும் உளர். கானடா தேசத்து டொரண்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 பேரை ஆராய்ந்து 1997ஆம் வருஷத்தில் வெளியிட்ட முடிபு, தொலைபேசியிற் பேசுங்கால் விபத்து நேரும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்பது. கையிற் பிடியாத கருவியாலும் யாதொரு நன்மையும் அதிற் காணப்படவில்லை. கை ஓய்ந்திருந்தும் மனம் ஓயாமையே இதன் காரணம். பொய்யாமொழியார் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தமை நாம் அறிந்ததே. சோர்வின்மை அரசனுக்கு மட்டுமன்றி, ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியை ஆளுகிறவனுக்கும் வேண்டும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வண்டி ஓட்டுகையில் கைபேசியைக் கையாளுதலை அபாயகரமான ஓட்டுதலாகக் கொள்கின்றது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உரிய வயது வராத மகனிடம் வண்டியைக் கொடுக்கும் தந்தைக்கு, 199ஏ பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அபராதத்தினும் பெரிதான நஷ்டம் வேறொன்றுளது. 38 வயதினர் ஒருவர், சுயதொழிலில் மாதம் 20,000 ரூபாய் ஈட்டுபவர், மனைவி மக்கள் பெற்றோர் என நால்வரைக் காப்பவர், விபத்தில் இறந்தார் என வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009, 2017 ஆகிய வருஷங்களில் வகுத்த முறைப்படி, வருங்கால வருவாய்க்காக நூற்றுக்கு நாற்பது கூட்டினால் மாதம் 28,000, வருஷத்திற்கு 3,36,000. அவர் சொந்தச் செலவென நாலில் ஒரு பங்கு நீக்கினால் 2,52,000. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 15. ஆகவே ஈட்டிழப்பு மட்டும் 37,80,000 ரூபாய். ஆனால் இறந்தவரும் கைபேசியிற் பேசிக்கொண்டு வந்தமையால் விபத்தில் சரிபாதிப் பொறுப்பு அவருடையதென்று தீர்ப்பாயம் கண்டால், அக்குடும்பத்திற்குக் கிடைப்பது 18,90,000 மட்டுமே. எதிரே வண்டி எதுவுமின்றித் தாமே மரத்தில் மோதினால், பிறர்மேற் பிழை சாட்டி நஷ்டஈடு கோர வழியேயில்லை. ஒரு நிமிஷப் பேச்சின் விலை இத்தன்மையது. கைம்பெண்ணாகி நிற்பவள் அவ்விலையைக் கொடுக்கிறாள்.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்யவேண்டுவன இவை. காயம்பட்டோரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அவ்வாறு உதவுவோர்க்கு 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கின்றது, அஞ்ச வேண்டுவதில்லை. போலீஸில் புகார் பதிந்து அதன் நகலைப் பெறுக. மருத்துவச் சீட்டுக்களையும் வருவாய்க்குரிய சான்றுகளையும் ஒன்றுவிடாது சேர்த்து வைக்க. சமரசம் என்று சொல்லிச் சிறு தொகையை நீட்டி எவரேனும் கையொப்பம் கேட்டால், வக்கீலைக் கலவாது ஒப்பமிடற்க. விபத்து நேர்ந்த ஊரிலன்றித் தாம் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். 2019ஆம் வருஷத்துத் திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்தது. அக்கெடுவைக் குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எழுந்ததாயினும், அதை நம்பிக் காலந் தாழ்த்தல் கூடாது. மோதிய வண்டி இன்னதென்று தெரியாமற் போயினும், உயிரிழப்புக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு.

முடிவாக ஒரு விண்ணப்பம். ஓட்டுபவனை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. சரக்கு எங்கே வருகிறது என்று லாரி ஓட்டுபவரை நாழிகைக்கொரு முறை அழைக்கும் முதலாளியும், வழியில் வருகிறார் என்று அறிந்தும் அழைக்கும் வீட்டாரும் அப்பிழையிற் பங்காளிகளே. ஆகவே தாய்மார்களே, எதிர்முனையில் வண்டியோசை கேட்டால், "வந்து பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லி உடனே துண்டித்துவிடுங்கள். வியாபாரஞ் செய்யும் அன்பர்களே, வண்டி நின்றபின் அழைக்கும்படி உங்கள் ஓட்டுநருக்குக் கட்டளையிடுங்கள். தாமதத்திற்காக அவரைக் கடியாதீர்கள். வாலிபர்களே, புறப்படுமுன் கைபேசியின் ஒலியை அடக்கிப் பையில் வையுங்கள். அவசரமாயின் சாலையோரம் நிறுத்திப் பேசுங்கள்.

இம்மூன்றையும் நம் இல்லங்களில் இன்றே அனுஷ்டானத்திற்குக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.