ஒரே கயிறு, ஒரு கைக்காப்பு

(ஆதரவாளர்கள் கூடுகையில் கைவேலைப் பிரிவின் சார்பாக அளிக்கப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



நீங்கள் உள்ளே வந்தபோது ஒவ்வொரு நாற்காலியிலும் மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு வெள்ளைப் பருத்திக் கயிறு இருந்ததைக் கண்டிருப்பீர்கள். "துணி காயப்போட கொடி கட்டவா?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்கள். அதற்கும் உதவும். ஆனால் இன்று இதைக் கையில் அணியும் காப்பாக முடிவது எப்படி என்று பார்க்கப்போகிறோம். ஊசி வேண்டாம், பசை வேண்டாம், தறி வேண்டாம். இந்தக் கயிறும், உங்கள் இடது கையும் போதும்.

இந்தக் காப்பு கப்பல்காரர்களுடையது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் பகுதியில், கோடை வந்தால் பிள்ளைகள் இதை வாங்கியோ முடிந்தோ கையில் போட்டுக்கொள்கிறார்கள். கடலில் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. பருத்தி நனைந்து சுருங்கி மணிக்கட்டோடு பொருந்திவிடும்; வெயிலில் வெளுத்து, கோடை முடியும்போது நைந்து விழும், அல்லது தாயார் கத்தரியால் வெட்டிவிடுவார்கள்.

இதிலுள்ள முடிச்சுக்கு ஆங்கிலத்தில் 'டர்க்ஸ் ஹெட்' என்று பெயர். துருக்கியர் தலை என்று பொருள். தலைப்பாகை சுற்றினாற்போல் தோன்றுவதால் வந்த பெயர். பாய்மரக் கப்பல்களில் இது அழகுக்கு மட்டும் இருந்ததல்ல. கால் வைத்து நிற்கிற கயிற்றில் இதை முடிந்தால் பாதம் வழுக்காது. கைப்பிடியில் முடிந்தால் பிடி நழுவாது. சுக்கான் சக்கரத்தில் ஒரு ஆரத்தின்மேல் மட்டும் இதை முடிந்து வைப்பார்கள். அந்த ஆரம் நேர் மேலே நின்றால் சுக்கான் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். நள்ளிரவில், விளக்கில்லாத தளத்தில் நிற்கிற மாலுமி கண்ணால் பார்த்து அறிவதில்லை; விரலால் தடவி அறிகிறான். விரலின் உணர்வைப் பற்றி நான் மறுபடியும் பேச வேண்டியிருக்கும், ஆகையால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலுமிகளுக்கு இத்தனை நுணுக்கமான கைவேலைக்கு நேரம் ஏது என்று நீங்கள் நினைக்கலாம். திமிங்கல வேட்டைக் கப்பல்களை எண்ணிப்பாருங்கள். நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல் திரும்பி வர மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆவதுண்டு. அங்கே 1841ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'சார்ல்ஸ் டபிள்யூ. மோர்கன்' என்ற கப்பல் எண்பது வருஷத்தில் 37 பயணங்கள் சென்றது. திமிங்கலம் கண்ணில் படாத வாரங்கள் அநேகம். ஆட்களோ ஏராளம்; இடமோ மிகக் குறுகியது. கையில் இருந்ததெல்லாம் அறுந்த கயிற்றுத் துண்டுகள். வேலையில்லாத அந்த நேரங்களில்தான் இந்த முடிச்சுகள் வளர்ந்தன.

அந்த நியூ பெட்ஃபோர்டிலே 1881இல் பிறந்தவர் கிளிஃபோர்டு ஆஷ்லி என்ற ஓவியர். 1904இல் ஒரு திமிங்கலக் கப்பலில் ஏறி, அதன் வாழ்க்கையை வரைந்தார். பிற்காலத்தில் பதினோரு வருஷம் உழைத்து, முடிச்சுகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றை 1944இல் வெளியிட்டார். 3,800க்கு மேற்பட்ட பதிவுகள், சுமார் 7,000 படங்கள். அதில் இந்த முடிச்சுக்கென்றே ஒரு அதிகாரம் இருக்கிறது. இந்த முடிச்சுக்குரிய ஒரு விதியை அவர் அங்கே எழுத்தில் வைத்தார். அதைக் கேட்டால் நம் சகோதரிகளுக்கு ஆச்சரியமாயிராது; ஏனென்றால் வாசலில் கோலம் போடுகிறவர்கள் அதை ஏற்கெனவே அறிவார்கள்.

விளக்குகிறேன். நாம் செய்யப்போகும் காப்பு, பெண்பிள்ளைகளுக்குப் பின்னுகிற மூன்றுகால் பின்னலேதான். வேறு ஒன்றுமில்லை. அந்தப் பின்னலை வட்டமாக வளைத்து, முடிவைத் தொடக்கத்தோடு சேர்த்துவிட்டால் காப்பு. ஆனால் சடையில் மூன்று தனித்தனிக் கால்கள் இருக்கின்றன. இங்கேயோ ஒரே கயிறு மூன்று கால்களாகவும் ஓட வேண்டும். ஓரத்திலே கயிறு திரும்புகிற வளைவுகளை எண்ணுங்கள். நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, பத்து, பதினொன்று என்று வந்தால் ஒரே கயிறு எல்லா இடத்துக்கும் போய்த் தொடங்கிய இடத்தில் வந்து நிற்கும். மூன்று, ஆறு, ஒன்பது என்று மூன்றால் வகுபடும் எண்ணானால் நிற்காது. கயிறு பாதி வழியிலேயே தன் தொடக்கத்தைச் சந்தித்துவிடும், மிச்சத்துக்கு வேறு கயிறுகள் வேண்டும். கால்களின் எண்ணிக்கைக்கும் வளைவுகளின் எண்ணிக்கைக்கும் பொது வகுத்தி இருக்கக்கூடாது. இதுவே அந்த விதி.

சிக்குக் கோலத்திலும், ஓரங்களில் மட்டும் கோடு திரும்புகிற நீள்சதுரக் கோலமானால், இதே கணக்குத்தான். மூன்று வரிசை, நான்கு புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் முடியும். நான்கு வரிசை, ஆறு புள்ளி என்றால் இரண்டு கோடு வேண்டும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு உழைத்தவர்களும் 1970களில் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள் என்பதை இங்கே சிலர் அறிந்திருக்கலாம்.

இன்னொரு காரியம், வழியோரமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று கால், மூன்று வளைவு என்று பின்னினால் மூன்று தனி வளையங்கள் கிடைக்கும். அவற்றில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்காது; ஆனாலும் மூன்றும் சேர்ந்தே நிற்கும். ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் பிரிந்துவிடும். இடைக்கால ஐரோப்பாவில் இதைத் திரியேகத்துக்கு அடையாளமாக வரைந்தார்கள். நம் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் தூணிலும் இந்தப் பின்னலை முக்கோண வடிவில் காணலாம். காப்புக்கு இது உதவாது, ஆகையால் திரும்பி வருவோம்.

கயிற்றின் ஒரு நுனியை இடது உள்ளங்கையில் பெருவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மறு நுனியைக் கையைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்புறத்தில் முதல் சுற்றைக் குறுக்காகக் கடக்க விடுங்கள். மறுபடி ஒரு சுற்று. இப்போது நுனி ஒரு இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழும் போகட்டும். கையைத் திருப்புங்கள். புறங்கையில் இரண்டு இழைகள் பக்கம்பக்கமாகக் கிடக்கும். ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்து, நடுவில் உண்டாகும் இடைவெளியில் நுனியை நுழையுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக அதையே செய்யுங்கள். இந்த இரண்டு மாற்றும் சேர்ந்து மூன்று வளைவுகளைக் கூட்டும். இரண்டிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து எட்டு, எட்டிலிருந்து பதினொன்று. பெரியவர் மணிக்கட்டுக்கு, கயிற்றின் தடிமனைப் பொறுத்து, எட்டோ பதினொன்றோ சரியாயிருக்கும். சரிபார்க்க ஒரே வழி: கயிற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். மேலே, கீழே, மேலே, கீழே என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து மேலே வந்தால் அங்கே பிழை.

நுனி தொடக்கத்தை வந்து சேர்ந்ததும் முதல் சுற்று முடிந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. முதல் இழை போன வழியிலேயே, அதன் பக்கத்திலேயே, அது மேலே போனால் மேலே, கீழே போனால் கீழே என்று இன்னும் இரண்டு முறை தொடர்ந்து போங்கள். மூன்று இழை அகலமான பட்டை கிடைக்கும்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் மனம் தளருகிறார்கள். கையில் இருப்பது காப்பாகத் தோன்றாது. குருவிக்கூடு போலத் தொளதொளவென்று இருக்கும். உடனே இரண்டு நுனியையும் பிடித்து இழுப்பார்கள். ஒரு இடம் இறுகும், மற்ற இடமெல்லாம் பல்லிளிக்கும். அப்படியல்ல. தொடக்க நுனியிலிருந்து ஆரம்பித்து, தளர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே, கயிறு போன வழி முழுவதும் போய் மறு நுனியில் வெளியேற்ற வேண்டும். அப்படி முழுதாக மூன்று தரம். முடிவதற்குப் பத்து நிமிஷம்; இறுக்குவதற்கு அரை மணி. இறுக்குவதுதான் இந்த வேலை என்றே சொல்வேன்.

கைவேலையை நோயாளிகளின் சிகிச்சைக்குச் சேர்த்தது புதிய யோசனையல்ல. அமெரிக்காவில் சூசன் டிரேசி என்ற நர்ஸம்மா 1910இலேயே படுக்கையிலிருப்பவர்களுக்கான கைவேலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். 1917இல் அங்கே தொழில்வழிச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கமே உருவானது. ஆனால் எல்லாக் கைவேலையும் படுக்கைக்குப் பொருந்தாது. தறி பெரியது. தையலுக்கு ஊசி, கத்தரி, நல்ல வெளிச்சம் வேண்டும். கூடை முடைய நனைந்த பிரம்பு வேண்டும். கால் எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறவருக்கு ஆறு வாரம் என்பது திமிங்கலக் கப்பலின் பயணம்தான். அவருக்கு மூன்று மீட்டர் கயிறு தலையணைக்கடியில் இருக்கும். டாக்டர் வந்தால் கீழே வைக்கலாம், போனதும் எடுக்கலாம். தவறினால் எதையும் வெட்ட வேண்டியதில்லை. அவிழ்த்தால் அதே கயிறு, அதே நீளம், ஒன்றும் நஷ்டமில்லை. 'நான் எதையும் கெடுத்துவிட மாட்டேன்' என்ற நிச்சயம், கை நடுங்குகிற ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் எல்லாக் கைக்கும் இதைக் கொடுத்துவிடக்கூடாது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக நிற்கிறேன். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் 1940களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்து கண்டறிந்ததை நாம் மறக்கலாகாது. விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால். உணர்விழந்த கை, எவ்வளவு பலம் போதும் என்று அறியாமல் தேவைக்கு மேல் அழுத்தும், இழுக்கும். மெல்லிய கயிற்றை இழுத்து இறுக்கும்போது அது தோலை அறுத்தாலும் அந்த மனிதருக்குத் தெரியாது. நீண்டகால நீரிழிவு உள்ளவர்களிலும் சிலருக்கு இப்படி விரல் மரத்திருக்கும். அவர்களுக்குத் தடித்த, மிருதுவான கயிறு கொடுங்கள். வெறும் விரலால் இழுக்காமல், மழுங்கிய மரக்குச்சியில் கயிற்றைச் சுற்றி இழுக்கச் சொல்லுங்கள். இடையிடையே நிறுத்தி, விரல்களைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மாலுமி இருட்டில் விரலால் பார்த்தான் என்றேனே. இவர்கள் விரலுக்குப் பதிலாகக் கண்ணால் பார்க்க வேண்டியவர்கள்.

அணிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பருத்தி சுருங்கும் என்பதே இதன் அழகு, அதுவே இதன் ஆபத்தும். இறுக்கி முடித்தபின் காப்புக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதன்பின் வெந்நீரில் நனைத்து, மணிக்கட்டைவிடச் சற்றுத் தடித்த ஒரு போத்தலில் மாட்டிக் காயவிடுங்கள். சுருங்குவதெல்லாம் அங்கேயே சுருங்கட்டும். டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் வேண்டாம். மார்பக அறுவைக்குப்பின் வீக்கம் வரக்கூடிய கையில் வேண்டாம். டிரிப் ஏறுகிற கையில் வேண்டாம். கைக்குழந்தைக்கு எந்தக் கையிலும் வேண்டாம். நம் நர்ஸ்மார் இதை ஆசையாய் வாங்கிக்கொள்கிறார்கள்; வார்டுக்குள் கழற்றி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். ஈரமான கயிறு கிருமிக்கு நல்ல வீடு. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்று 2008 முதல் விதியே வைத்தார்கள்.

நுனிகளை என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். காப்பின் உட்புறமாகக் கொண்டுபோய், இரண்டு இழைக்கடியில் செருகி, வெள்ளை நூலால் இரண்டு தையல் போட்டு, ஒட்ட வெட்டிவிடுங்கள். நைலான் கயிறானால் சூடுகாட்டி உருக்குகிறார்கள். கையில் மாட்டிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள்.

எப்படிக் கழற்றுவது என்று அந்த அம்மா இப்போதே கை தூக்குகிறார்கள். நல்ல கேள்வி. தளர்வாக இருக்கும் நாட்களில் கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பெருவிரலை உள்ளே மடக்கினால் நழுவி வந்துவிடும். சுருங்கியபின் வராது, இழுத்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். நம் டிரெஸிங் அறையில் இருக்கிற, நுனி மழுங்கிய பாண்டேஜ் கத்தரியைக் காப்புக்கும் கைக்கும் நடுவில் படுக்கவைத்து நுழைத்து, குறுக்காக ஒரே வெட்டு.