பாலாற்றைக் கொன்ற ஆட்சிமுறை



கருநாடகத்து நந்திமலையில் தோன்றி, ஆந்திர எல்லையை ஊடறுத்துத் தமிழகத்துள் நுழைந்து, ஏறத்தாழ 140 கல் தொலைவு நடந்து, வயலூர் அருகே கடலிற் கலப்பது பாலாறு. மேலே வெறும் மணலாய்த் தோன்றினும் அடியில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும் ஆறு அது. அந்த ஊற்றைக் கால்வெட்டி வயலுக்குக் கொணர்ந்த நம் முன்னோர், அதற்கு ஊற்றுக்கால் என்றே பெயரிட்டனர்.

பாலாறு என்றதும் நம் மேடைகளில் 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பேசுவோம். மேலிருப்பார் நீரைத் தடுத்தனர் என்போம். அது மெய்யே. ஆனால், தடுத்தது போக எஞ்சிய ஊற்றில் நஞ்சைக் கலந்தவர் யாவர்? அவர்கள் கருநாடகத்தாரும் அல்லர், ஆந்திரரும் அல்லர். இதைப் பேச மட்டும் ஏன் நா எழவில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பழந்தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பலநாள் ஊறவைத்துப் பதனிட்டனர். 1970-களில் நடுவணரசு, பதனிட்ட தோலை அப்படியே விற்பதற்கு வரம்பு கட்டி, முற்றும் முடித்த தோலையே அயல்நாட்டுக்கு அனுப்புமாறு தூண்டியது. அயற்பணம் வேண்டுமே! பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெரிதும் பிடித்துக்கொண்டது. ஒரு கிலோ தோலை முடிக்க 40 லிட்டர் வரை நீர். ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள். தோல் கப்பலேறியது; கழிவு ஆற்றில் இறங்கியது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1974-இல் நீர்மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் காப்புச் சட்டமும் வந்தது. வாரியமோ ஆலையினரிடம் பத்தாண்டுக் காலம் கழிவுநீரைத் தூய்மை செய்யுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. ஏழை உழவன் நிலவரி கட்டாவிடில் இப்படியா பத்தாண்டு கெஞ்சுவார்கள்?

1991-இல் வேலூர்க் குடிமக்கள் உச்ச நயன்மன்றத்தில் முறையிட்டனர். 1996 ஆகத்து 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதாக அத்தீர்ப்பே கூறுகிறது. மாசு செய்தவனே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்றும், ஆலை ஒன்றுக்கு 10,000 உருபா தண்டம் என்றும் நடுவர் குல்தீப் சிங் உரைத்தார். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்திருக்க வேண்டிய அதிகார அமைப்பை நடுவணரசு பத்தாண்டாகியும் அமைக்கவில்லை என்பதையும் மன்றமே எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது.

பின்னர் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலக்கம் உருபா வழங்கப் பணித்தது. வகுத்துப் பாருங்கள்! ஆளுக்கு 9,200 உருபா கூட வாராது. தலைமுறை தலைமுறையாய்ச் சோறிட்ட மண்ணுக்கு இதுதான் விலை! அதுவும் எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை.

ஆலைகளை இழுத்து மூடு என்று இதற்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். அங்கே தோலை அலசி, நச்சுநீரில் கைவெந்து நிற்பவரும் நம் ஏழைமக்களே. கேடு தொழிலில் இல்லை. ஊதியத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு கழிவை ஊருக்கு விடுவதில் இருக்கிறது. பொதுத் தூய்மை நிலையங்கள் எழுந்தன. ஆயினும் நீரிற் கரைந்த உப்பு அகலவில்லை. 2015 சனவரி 31 விடியுமுன் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேலை வங்கத்திலிருந்து பிழைக்க வந்த கூலியாளர்.

பத்தாண்டு கழிந்து, 2025 சனவரி 30-இல் உச்ச நயன்மன்றம் மீண்டும் தீர்ப்புரைத்தது. இழப்பீடு பெறாதார்க்கு அரசே முதலில் வழங்கி, மாசு செய்தாரிடம் பின்னர்த் தண்டுக என்றது. மேற்பார்வைக்குக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் முறையீட்டிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள்! முறையிட்ட அன்று நாற்பது அகவையில் இருந்த உழவருக்கு இத்தீர்ப்பு வந்தபோது எழுபத்து நான்கு. எத்துணைப் பேர் மண்ணுக்குள் போயினரோ!

ஆகவே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ளார் உடனே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. இழப்பீடு பெற்றார், பெறாதார் பட்டியலை ஊராட்சி அலுவலகந்தோறும் தமிழில் எழுதி ஒட்டுமாறு மாவட்டத் தண்டலரை எழுத்தில் கேளுங்கள். இறந்தார் பெயருக்கு நேரே உரிமையாளர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டதற்குக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.